நோகாத நோய்க்கு நித்திய மருந்து

வியாதி என்று நாம் வழக்கமாகக் கருதுவனவெல்லாம் ஏதேனும் ஒரு வேதனையால் தம் வருகையை அறிவித்துக்கொள்வன. காய்ச்சல் உடம்பைச் சுடும், வயிற்றுப்போக்கு ஆளைக் கிடத்திவிடும், சொத்தைப் பல் இரவெல்லாம் விழிக்க வைக்கும். வேதனை தணிந்தவுடன் மருந்தை நிறுத்துவதும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடந்துவிடும். இரத்தக் கொதிப்பு என்று ஜனங்களும் உயர் இரத்த அழுத்தம் என்று வைத்தியர்களும் வழங்கும் நோயோ, பத்து ஆண்டுகள் ஒருவருடைய சரீரத்தில் குடியிருந்தும் ஒரு நாளாவது தலைவலியாகக்கூடத் தலைகாட்டாமல் இருக்கவல்லது. ஆகையால், மற்ற மருந்துகளை உண்ணும்போது நமக்கு வழிகாட்டியாக இருக்கும் உடம்பின் உணர்ச்சி, இந்த ஒரு மருந்தின் விஷயத்தில் மாத்திரம் நம்பத்தக்க சாட்சியாக இருப்பதில்லை. கள்ளக்குறிச்சிப் பகுதியிலும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையிலும் 'பிரஷர் மாத்திரை' இன்று வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கியிருக்கிறது. வந்த மாத்திரையை அபாயமின்றி உட்கொள்வது எப்படி என்பதில் ஏற்படும் பிழைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தால், பெரும்பாலானவை உடம்பின் பேச்சைக் கேட்டு மருந்தை நடத்தியதால் விளைந்தவை என்பது புலப்படும்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கம். அதில் சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி உயரமும், பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி உயரமும் உடையன. சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், நாள்தோறும் மேடேறிப் பள்ளம் இறங்கி உழைப்பவர்கள். இப்படி உழைக்கிறவர்களுக்குக் கொதிப்பு வராது, அது பட்டணத்தில் நாற்காலியை விட்டு எழுந்திராதவர்களின் வியாதி என்ற எண்ணம் சமவெளியிலும் உண்டு, மலையிலும் உண்டு. அது தவறான எண்ணம். தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களின் பழங்குடி மக்களிடையே 2007-08 காலத்தில் தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பினர் நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதை அறியவே இல்லை. உழைப்பு நல்லதுதான், ஆனால் வயதும், பரம்பரையும், கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயிலும் கருவாட்டிலும் சேரும் உப்பும், மதுவும் தத்தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தத்தை நாளங்களுக்குள் உந்துகிறது. அவ்வேளையில் நாளச் சுவரின்மேல் உண்டாகும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து மீண்டும் நிரம்பும் இடைவேளையில் எஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். பாதரசத் தம்பத்தில் இவை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கப்படுகின்றன. பல முறை அளந்தும் 140-க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ காட்டினால் அதை நோய் என்று கொள்கிறோம். கோமுகி அணையிலிருந்து வரும் வாய்க்காலில் அளவுக்கு மீறி நீர் ஓடினால் கரை அன்றைக்கே உடைந்துவிடுவதில்லை. மண் சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு, என்றோ ஒரு நாள், மிகவும் மெலிந்த இடத்தில் உடைப்பெடுக்கிறது. சரீரத்தில் அப்படி மெலிந்த இடங்கள் மூளை, இதயம், சிறுநீரகம், கண்ணின் விழித்திரை ஆகியவை. பக்கவாதம் வந்த பிறகே தமக்குக் கொதிப்பு இருந்ததை அறிந்துகொள்பவர் எத்தனையோ பேர்.

அளப்பதிலும் ஒரு நியமம் உண்டு. மலைப் பாதையில் நடந்துவந்த மூச்சிரைப்போடு கையை நீட்டினால் எண் தப்பாகவே வரும். ஐந்து நிமிஷமாவது முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, பேசாமல் இருந்து, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காபியோ பீடியோ கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கவும் கூடாது. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த எண்ணைக்கொண்டே தீர்மானிக்கப்படுவதால், அளவு பிசகினால் மருந்தும் பிசகிவிடும்.

இந்நோய்க்கு நம்பத்தக்க மருந்து கிடைத்து நெடுங்காலம் ஆகிவிடவில்லை. அந்த வரலாற்றில் நம் தேசத்திற்கும் ஒரு கௌரவமான பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் கொதிப்பைத் தணிக்கிறது என்று 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். அதே காலத்தில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்தீகி அவ்வேரின் சத்துக்களைப் பிரித்தெடுத்தார். 1949-இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல், தாம் அதைக்கொண்டு நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையின் பலனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகே மேல்நாட்டார் கண்திறந்து பார்த்தனர். சுவிட்ஸர்லாந்தில் 1952-இல் அவ்வேரிலிருந்து ரிசர்பின் பிரிக்கப்பட்டது. அழுத்தம் குறைந்தது; ஆனால் மிகுந்த அளவில் உண்டவர் சிலரிடம் ஆழ்ந்த மனச்சோர்வும் காணப்படவே, பின்னர் வந்த மருந்துகளுக்கு அது இடம்விட்டு ஒதுங்கிற்று. பிரேஸில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்த வழியில் பிறந்த கேப்டோபிரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று வழங்கும் எனலாபிரிலும் டெல்மிசார்ட்டானும் அது திறந்துவிட்ட பாதையில் வந்தவையே. இவற்றை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. வேரிலும் விஷத்திலும் தோன்றிய இப்பொருள்கள் சரீரத்தின் மிக நுட்பமான யந்திரங்களில் கைவைப்பவை. 'தினம் போடும் மாத்திரைதானே' என்று அவற்றை இலேசாக எண்ணலாகாது.

இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் மிகுதியாகக் கொடுக்கப்படுவது அம்லோடிபின். நாளச் சுவர்களின் தசைகளுக்குள் கால்சியம் புகும் வாசலை அது அடைப்பதால், தசை இளகி, நாளம் அகன்று, அழுத்தம் தணிகிறது. உண்ட மருந்தில் பாதி உடம்பைவிட்டு நீங்கவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நாள்தோறும் உண்டுவர, ஒரு வாரத்திற்குப் பிறகே இரத்தத்தில் அதன் அளவு ஒரு நிலைக்கு வரும். முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாளே 'ஒன்றும் தெரியவில்லையே' என்று இரண்டாக்கிக்கொள்வது எவ்வளவு பிழை என்பது இதிலிருந்து விளங்கும். டெல்மிசார்ட்டானுக்கு முழுப் பலனும் தெரிய நான்கு வாரம்கூட ஆகலாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்தபோது போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதானால் விட்டதை விட்டுவிட்டு வழக்கப்படி தொடர வேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. காலையில் போடுவதா இரவில் போடுவதா என்ற விவாதத்துக்கு, பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக்கொண்டு நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வு விடை கூறிவிட்டது: மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. எந்த வேளை மறக்காமல் இருக்குமோ அந்த வேளையே உத்தமம். சிறுநீரைப் பெருக்கும் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயஸைடு போன்ற நீர்மாத்திரைகளை மட்டும் காலையில் போடுவது நல்லது; இரவில் போட்டால் இருட்டில் பலமுறை எழுந்து வெளியே போக நேரும்; மலைக் குடிசைகளில் முதியோர் இடறி விழுவதற்கு அதுவே போதும்.

'எனக்கு இப்போது சுகமாக இருக்கிறது' என்று நிறுத்திவிடுகிறவர்கள்தாம் அதிகம். சுகமாக இருப்பதும் எண் சரியாக இருப்பதும் மருந்தின் பலனே என்பதை அவர்களுக்கு யாரேனும் பொறுமையாக உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அம்லோடிபினை நிறுத்தினால் அழுத்தம் சில நாட்களில் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு ஏறிவிடும். அட்டினலால், குளோனிடின் என்னும் கொதிப்பு மருந்துகளின் சுபாவம் இன்னும் கடுமையானது: திடீரென்று நிறுத்தினால் குளோனிடின் முன்பிருந்ததைவிட உயரத்துக்கு அழுத்தத்தைத் தூக்கிவிடும், அட்டினலாலோ இதய நோயுள்ளவருக்கு நெஞ்சுவலியையும் மாரடைப்பையும் வரவழைக்கலாம். வைத்தியரே இவற்றைப் படிப்படியாகத்தான் குறைப்பார். 'மாத்திரை போட ஆரம்பித்தால் விடமுடியாது, பழகிவிடும்' என்ற பயமும் பலருக்கு உண்டு. கள்ளைப்போல மனத்தைப் பிணிக்கும் பொருள் எதுவும் இம்மருந்துகளில் இல்லை. உப்பையும் எடையையும் குறைத்து எண் நன்றாக இறங்கியவர்களுக்கு வைத்தியர் அளவைக் குறைப்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலோருக்கு நோயே ஆயுள் முழுதும் தொடர்வது. ஆகவே மருந்தும் தொடர்கிறது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. தலை கனக்கிறது, கழுத்து இழுக்கிறது என்றவுடன் 'பிரஷர் ஏறிவிட்டது' என்று அளந்துகூடப் பார்க்காமல் இன்னொரு மாத்திரை போடுவோர், பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கிப் போடுவோர் இருக்கிறார்கள். முன்பு வைத்தியர்களே நிஃபெடிபின் குளிகையை நாவின்கீழ் வைத்து அழுத்தத்தை மளமளவென்று இறக்கும் பழக்கம் இருந்தது. அப்படி இறக்கப்பட்டவர்களில் சிலருக்கு மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போதாமல் பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்ததைக் கண்டு, 1990-களில் அதைக் கைவிட வேண்டுமென்று அறிஞர்கள் வற்புறுத்தினார்கள். ஆண்டுக்கணக்கில் உயர்ந்திருந்ததை ஒரு மணி நேரத்தில் இறக்கினால் சரீரம் தாங்காது. ஒருபக்கக் கை கால் தளர்வதோ, வாய் கோணுவதோ, பேச்சுக் குழறுவதோ, நெஞ்சை அழுத்தும் வலியோ தோன்றுமானால், அது வீட்டு மாத்திரையால் தீரும் விஷயமன்று. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மருந்து நித்தியமானது என்றால் கைவசமும் நித்தியமாக இருக்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு, 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆனால் மலைமேல் இருப்பவர், கச்சிராயபாளையத்துக்கு இறங்கி அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வேதனை எதுவும் இல்லாத நோய்க்காக மாதந்தோறும் ஒரு நாள் கூலியை இழக்க ஏழை மனம் எப்படித் துணியும்? இந்தக் கேள்விக்குத் தக்க விடையாக வந்தது 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டப்படி, அந்தந்த ஊர்ப் பெண்களே சுகாதாரத் தன்னார்வலர்களாக வீடுவீடாகச் சென்று அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2020-இல் தமிழ்நாட்டில் கொதிப்பு உள்ளோரில் 7.3 சதவீதத்தினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. 2023-24-இல் மறுபடி ஆராய்ந்தபோது 17 சதவீதமாக உயர்ந்திருந்தது. இத்திட்டம் 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. பெருமைப்படத்தக்க முன்னேற்றம்தான், ஆயினும் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் இன்னும் கட்டுக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதும் அதே கணக்குத்தான்.

இனி அந்த மாத்திரைகள் வீட்டில் எப்படி இருக்கின்றன என்று பார்ப்போம். மலைக் கிராமங்களில் முதியவர் ஒருவரின் மருந்துப் பையை விரித்தால், பெரும்பாலும் ஒரு மஞ்சள் பைக்குள் பழைய சீட்டுகளும், காகித உறைகளும், பாதி வெட்டிய அட்டைகளும் கலந்து கிடக்கும். 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அரசாங்க அட்டையில் அம்லோடிபின் இருக்கும். அதனருகே, மலைக்குக் கீழே ஒரு தனியார் டாக்டர் எழுதிக்கொடுத்து மருந்துக்கடையில் வாங்கிய பளபளப்பான அட்டை. அதன் பெரிய எழுத்துப் பெயர் வேறு. ஆனால் அடியில் பொடி எழுத்தில் 'டெல்மிசார்ட்டான், அம்லோடிபின்' என்று போட்டிருக்கும். "ஆயா, இது ரெண்டும் எதுக்கு?" என்று கேட்டால், "அது நர்ஸம்மா குடுத்தது, இது டாக்டரு எழுதனது, ரெண்டும் பிரஷருக்குத்தான், ரெண்டையும் போட்டா சீக்கிரம் கொறையும்" என்பது பதிலாக வரும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இரட்டிப்பாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, கணுக்கால் வீங்குகிறது, படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது, கால்வீக்கத்தைக் கண்டு யாரேனும் நீர்மாத்திரை ஒன்றையும் சேர்த்துவிட்டால் சங்கடம் மும்மடங்காகிறது. அம்லோடிபினால் வரும் கால்வீக்கம் நுண்ணிய நாளங்கள் அகல்வதால் கசியும் நீர். நீர்மாத்திரைக்கு அது எளிதில் வசப்படாது. அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோதான் வழி, அதுவும் வைத்தியர் கையால். எங்கே போனாலும் பை முழுவதையும் எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் கொட்டிக் காட்டும் பழக்கம் ஒன்றே இந்த இரட்டிப்பைத் தடுத்துவிடும்.

அட்டையை நான்கு நான்காக வெட்டிக் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் ஒரு துண்டோடு போய்விட, மிஞ்சிய துண்டுகள் அநாமதேயமாகிவிடுகின்றன. சர்க்கரை மாத்திரையும் வெள்ளை, கொதிப்பு மாத்திரையும் வெள்ளை. எழுத்தறியாதவர் எதைக்கொண்டு பிரித்தறிவார்? பெயர் உள்ள துண்டைக் கடைசிவரை வைத்திருந்து, மாத்திரையை மறுமுனையிலிருந்து பிதுக்கி எடுத்துவரச் சொல்வது நன்மை. டெல்மிசார்ட்டானைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை வேண்டும்: அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது, விழுங்கப் போகும் நேரம் வரை அட்டையைக் கிழிக்கலாகாது. ஐப்பசி கார்த்திகையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து படியும் மலைக் கிராமத்தில், வாரத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் பிதுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்தால் மாத்திரை நெகிழ்ந்து பலன் கெடும். அடுப்பங்கரைச் சுவரில் சொருகி வைப்பதும் அதைப்போன்ற தவறே.

இத்தனையையும்விட நான் அதிகமாக அஞ்சுவது 'செட்டு மாத்திரை'யை. நாளெல்லாம் கரும்பு வெட்டியவரும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியவரும் மாலையில் மருந்துக்கடை முன் நின்று, "மேல்வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டு வாங்கும் அந்தச் சிறு பொட்டலத்தில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் என்னும் வலிமருந்து ஒன்று; சில வேளைகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்று; வயிறு எரியாமல் இருக்க இன்னொன்று. வலி அன்றிரவே பறந்துவிடுகிறது. மறுநாள் வேலைக்குப் போக முடிகிறது. அதற்காக அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உள்ளே நடப்பது வேறு. வலிமருந்து, உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, கொதிப்பு மாத்திரையின் பலனை அறுத்துவிடுகிறது. ஸ்டீராய்டும் அழுத்தத்தை ஏற்றுகிறது. காலையில் இறக்கியதை மாலையில் ஏற்றுவதாக முடிகிறது. அழுத்தம் இறங்கவில்லையே என்று வைத்தியர் அளவைக் கூட்டுகிறார்; செட்டு மாத்திரையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்வதில்லை, ஏனெனில் அதை யாரும் மருந்தென்றே எண்ணுவதில்லை.

சிறுநீரகத்துக்கு நேரும் கதி இதைவிடக் கொடிது. சிறுநீரகத்தின் ஒவ்வொரு நுண்வடிகட்டிக்கும் இரத்தம் கொண்டுவரும் நாளம் ஒன்றும், கொண்டுசெல்லும் நாளம் ஒன்றும் உண்டு. உள்ளே வரும் நாளத்தை விரித்து வைத்திருக்கும் இயற்கைப் பொருளை வலிமருந்து தடுத்துவிடுகிறது. வெளியே போகும் நாளத்தின் இறுக்கத்தை எனலாபிரிலும் டெல்மிசார்ட்டானும் தளர்த்துகின்றன. நீர்மாத்திரையோ உடம்பிலுள்ள நீரையே குறைக்கிறது. மூன்றும் ஒருவரிடம் கூடினால் வடிகட்டியில் அழுத்தம் வீழ்ந்து, சிறுநீரகம் சில நாட்களிலேயே செயலிழக்கக்கூடும். சித்திரை வெயிலில் கரும்புத் தோட்டத்தில் வியர்த்துக் கொட்டுகிறவருக்கும், வாந்தி பேதியால் வறண்டு கிடப்பவருக்கும் அபாயம் இரட்டிப்பு. பேதி வந்த நாட்களில் இம்மாத்திரைகளைத் தொடரலாமா, இரண்டொரு நாள் நிறுத்தி வைக்கலாமா என்பதை அன்றைக்கே நர்ஸிடமோ டாக்டரிடமோ கேட்டறிய வேண்டும். உடம்புவலிக்கு, வைத்தியர் சொன்ன அளவில் பாராசிட்டமால் பெரும்பாலோருக்குப் போதுமானது. வெந்நீர் ஒத்தடம் செலவில்லாதது.

நாட்டு மருந்தை நான் இகழ்பவனல்லன். மேலே சொன்ன சர்ப்பகந்தியே அதற்குப் போதிய பிரமாணம். ஆனால் இருமலுக்கு மெல்லும் அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உண்டால், அது பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றிவிடும். நீர்மாத்திரை உண்பவருக்கு இது இன்னும் ஆகாது. எனலாபிரில் உண்பவருக்கு வரும் வறட்டிருமல் அந்த மருந்தின் விளைவாகவே இருக்கக்கூடும். அதற்கு அதிமதுரத்தை நாடுவதைவிட மருந்தை மாற்றித்தரக் கேட்பது சரி. உதடும் நாக்கும் வீங்கினாலோ தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கருவுற்ற பெண்களும், கருவுற எண்ணியிருப்பவர்களும் எனலாபிரில், டெல்மிசார்ட்டான் வகைகளை உட்கொள்ளலாகாது. அவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கருவுற்ற செய்தி தெரிந்த நாளே சொன்னால், கருப்பத்திற்கு ஆகும் வேறு மாத்திரை தருவார்கள். தாமாக நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பதும் தாய்க்கும் சேய்க்கும் கெடுதியே.

கல்வராயன் மலையிலிருந்து குடும்பத்தோடு வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் கூலிவேலைக்குப் போய் மாதக்கணக்கில் தங்குபவர்கள் பலர். வீடுதேடி வரும் மாத்திரை, வீடு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தன்னார்வலரிடம் சொன்னால், சுகாதார நிலையத்தில் கேட்டு, கிடைக்கும் அளவுக்கு முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வழியுண்டு. போகும் இடத்தில் தமிழ் எழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போகலாம். ஆகையால் மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஆங்கில எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, கடைசியாக அளந்த எண்ணையும் தேதியையும் அதில் குறித்து, காலியான ஓர் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் குடகிலோ திருப்பதியிலோ உள்ள அரசு மருத்துவமனையிலும் அதே மருந்தைக் கேட்டு வாங்கலாம்.